காஷ்மீர் ஈப்பிடிப்பான்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, எங்கள் தோட்டத்துக்குத் தொண்டை சிவந்த சின்னக் குருவி ஒன்று வருகிறது. வாலை வெடுக் வெடுக்கென்று தூக்குகிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பானா, செம்மார்பு ஈப்பிடிப்பானா?

பதில்: ஆண் பறவை என்றால் சிவப்பு எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு அது தொண்டை, மார்பு, விலா என்று பரவும். சிவப்பைச் சுற்றிக் கறுப்பு ஓரமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செம்மார்புக்கு அந்த ஓரம் கிடையாது. பெண் பறவை மங்கலான பழுப்பு, அதைப் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி (நுவரெலியா): இங்கே விக்டோரியா பூங்காவில் வருஷா வருஷம் பார்க்கிறோம். பிறகு ஏன் அழிவாய்ப்பு இனம் என்கிறார்கள்?

பதில்: நீங்கள் பார்ப்பது அதன் குளிர்கால இருப்பிடம். அக்டோபரில் வந்து மார்ச் கடைசியில் கிளம்பிவிடும். அங்கே பூங்கா, தேயிலைத் தோட்டம், காட்டு ஓரம் என எதிலும் சமாளித்துக்கொள்ளும். குஞ்சு பொரிக்கும் இடத்தில்தான் சிக்கல். காஷ்மீரிலும் அதை ஒட்டிய பாகிஸ்தான் மலைகளிலும், பெரும்பாலும் 1,800 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலையுதிர் காடுகள்தான் அதற்கு வேண்டும். ஆடு மாடு மேயவும், நிலம் திருத்தவும், மரம் வெட்டவும் மனிதர்கள் தேடிப் போவதும் அதே உயரத்துக்குத்தான். உலகம் முழுக்க வளர்ந்த பறவைகள் 10,000-ஐத் தொடாது என்பது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். மதிப்பீடு.

கேள்வி: புதிதாக மரம் நட்டால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு உதவாது. இது மரப்பொந்தில் கூடு வைக்கும் பறவை. நேற்று நட்ட கன்றில் பொந்து ஏது? நிற்கிற கிழட்டு மரங்களை வெட்டாமல் விடுவதுதான் முதல் வேலை. மரக்கன்று விழாவுக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதி இதைக் கேட்டாலே எவ்வளவோ நல்லது.

கேள்வி (ஹட்டன்): நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எங்களால் என்ன முடியும் ஐயா?

பதில்: நிழல் மரங்களையும் ஓடையோரப் புதர்களையும் விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பூச்சி தின்று வாழும் பறவை இது, அதனால் மருந்தடிப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அப்புறம், கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பதியுங்கள்.

கேள்வி: படமெடுக்க அதன் குரலை ஃபோனில் போட்டு அழைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வேறொரு பறவை போட்டிக்கு வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தை அது இல்லாத எதிரியோடு வீணாக்கும். கொஞ்சம் தள்ளி அசையாமல் உட்காருங்கள், தாழ்ந்த கிளைக்குத் தானாகவே வரும்.