“உனக்கு இங்கே என்ன வேலை?”

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். கணவரின் சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். ஓராண்டாகப் படுக்கையில் இருந்த மாமனார் ஆடி மாதம் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப்போவதாக என் கணவர் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். “உனக்கு இங்கே என்ன வேலை?” என்று மூத்தார் சத்தம் போட்டது மட்டும் காதில் விழுந்தது. கணவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. புரட்டாசியில் போனபோது மாமனாரின் தேயிலைத் தோட்டம் முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கியிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்கள் மட்டும் நிற்கின்றன. நிலத்தை விற்கத்தானே இந்த ஏற்பாடு? பங்கு கேட்டு வழக்குப் போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் தோட்டத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் பார்த்தது கவாத்தாகத்தான் இருக்க வேண்டும். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும்; பறிக்கக் கை எட்டாது, துளிரும் குறைந்துகொண்டே போகும். அதனால் 4, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி வெட்டிவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு செடியின் அருகே குனிந்து பாருங்கள். வெட்டுவாயில் மருந்து பூசியிருக்கலாம். வெயில் பட்டுத் தண்டு வெடிக்காதிருக்க, வெட்டிய கிளைகளையே செடியின் மேல் பரப்பியிருக்கலாம். நிலத்தை விற்க நினைப்பவர் இத்தனை கூலி கொடுத்து இந்தப் பாடு படமாட்டார். சமவெளியிலிருந்து வந்த யார் கண்ணுக்கும் அது பாழாகத்தான் தெரியும். உங்கள் கணவர் அந்த மண்ணில் வளர்ந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மூத்தாரின் பேச்சைவிட அதற்கு முந்தைய வரிதான். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று தம்பி சொல்கிறார். அதற்குத்தான் அண்ணன் சத்தம் போடுகிறார். கவாத்து செய்த தோட்டத்தில் ஏறக்குறைய 3 மாதம் இலை பறிக்க முடியாது, வருமானமும் கிடையாது. அப்பா ஓராண்டு படுக்கையில் இருந்ததால் தள்ளிப்போட்டிருந்த வேலையாகவும் அது இருக்கலாம். அப்புறம் பறித்தாலும், பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைச் சிறு விவசாயி முடிவு செய்வதில்லை. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்தது அது. இரண்டு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட அந்தத் தோட்டம் போதாது என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு வருகிறேன் என்ற தம்பியிடம் ‘உனக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது, சொல்’ என்று அவர் கேட்டிருக்கலாம். அதே நான்கு சொற்களை, தோட்டக் கணக்கைக் காட்டு என்று தம்பி கேட்டபோது சொல்லியிருந்தால், உங்கள் பயம் நியாயமானது. எது நடந்தது என்பது சொற்களில் இல்லை, அவற்றுக்கு முன்னும் பின்னும் பேசியதில் இருக்கிறது.

தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் 34 உறுப்புகளில், பேசுவது யார், கேட்பது யார், எந்த இடம், எந்தக் காலம் என்பவையும் அடங்கும். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாரிடம் பேசுவதற்கு உரியது என்று உணரவைக்கும் உறுப்புக்கு ‘முன்னம்’ என்று பெயர். எழுதி வைத்த பாட்டுக்கே இவ்வளவும் வேண்டும் என்றால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா.

உங்கள் கணவர் பேசாததையும் சம்மதமாகவோ பயமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். தந்தையை இழந்து சில மாதம்தான் ஆகிறது. “அண்ணன் என்ன சொன்னார்?” என்று கேட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வார். “நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கு அவர் என்ன சொன்னார், அப்புறம் யார் பேசினார்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் உங்கள் அத்தையிடம் கேளுங்கள். அந்த இரவு அவரும் வீட்டில்தானே இருந்திருப்பார். ஓரகத்தியிடம் போக வேண்டாம். அங்கே இது சண்டையாகத்தான் முளைக்கும்.

பங்கு தனி விஷயம். நிலம் மாமனாரின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவிக்கும், மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அண்ணன் போட்ட சத்தத்தால் அது குறையாது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கணவரை அண்ணனிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்பா இறந்த எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான், யாரும் தவறாக நினைக்க இடமில்லை. அதில் அத்தையின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.