பாட்காஸ்ட் இன்னும் வளருமா, இல்ல எல்லாமே வீடியோவா மாறிடுமா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். பாட்காஸ்ட்டுக்கு, அதாவது நெட்ல எபிசோட் எபிசோடா வர்ற பேச்சு நிகழ்ச்சிக்கு, எதிர்காலம் இருக்கா, இப்ப போய் ஆரம்பிச்சா ரொம்ப லேட்டா. நான் நாலு வருஷமா சின்னதா ஒண்ணு நடத்திட்டு வர்றேன், வாரம் ஒரு எபிசோட், கேக்கறவங்க சில நூறு பேர்தான். வளரும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எந்த வடிவத்துல வளரப்போகுது, அது யார் கையில இருக்கப்போகுதுங்கறதுதான் எனக்குக் கவலையான விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பாட்காஸ்ட்ங்கற பேரு பொறந்தது 2004 பிப்ரவரியில. பென் ஹாமர்ஸ்லிங்கறவர் கார்டியன் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதும்போது, புதுசா வந்திருக்கற இந்த விஷயத்த என்னன்னு கூப்பிடலாம்னு ரெண்டு மூணு பேரு போட்டுப் பாத்தாரு, அதுல ஒண்ணுதான் பாட்காஸ்டிங். 2005 ஜூன்ல ஆப்பிள் தன்னோட பாட்டு கேக்கற சாஃப்ட்வேரான ஐடியூன்ஸ்ல பாட்காஸ்ட்டயும் சேத்தாங்க. ஆப்பிளோட பாட்டு கேக்கற கருவியான ஐபாடையே 2022ல நிறுத்திட்டாங்க, அதுல இருந்து வந்த பேரு மட்டும் இன்னும் நிக்குது. எடிசன் ரிசர்ச்ங்கற ஆய்வு கம்பெனியோட சர்வேப்படி 2006ல அமெரிக்காவுல இந்த வார்த்தையக் கேள்விப்பட்டவங்களே 22 சதவீதம்தான். அதே சர்வேயில 2025ல, 12 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 55 சதவீதம் பேர் மாசத்துல ஒரு தடவையாவது பாட்காஸ்ட் கேக்கறாங்க, இல்லன்னா பாக்கறாங்க. நடுவுல 2014ல 'சீரியல்'னு ஒரு நிகழ்ச்சி, ஒரே ஒரு கொலை வழக்க வாராவாரம் கிளறிக்கிட்டே போச்சு, அதுவரைக்கும் பாட்காஸ்ட் பக்கமே வராதவங்கள எல்லாம் இழுத்துட்டு வந்தது அதுதான்.

அந்த 55 சதவீதத்துல 'பாக்கறாங்க'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, இன்னிக்கு சண்டையே அங்கதான். யூடியூப் 2025 பிப்ரவரியில, மாசத்துக்கு 100 கோடி பேருக்கு மேல எங்ககிட்ட பாட்காஸ்ட் பாக்கறாங்கன்னு சொன்னாங்க. அதக் கேட்டதும் நிறைய பேர், ஆடியோ முடிஞ்சுது, கேமரா இல்லாம இனிமே ஒண்ணும் ஓடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. நான் அத ஒத்துக்க மாட்டேன். வீடியோவால புது ஆளுங்க வந்து சேர்றாங்க, அது உண்மை, ஒரு சின்ன கிளிப் பாத்துட்டு முழு எபிசோட தேடி வர்றவங்க என்கிட்டயே உண்டு. ஆனா பாத்திரம் கழுவும்போது, வண்டி ஓட்டும்போது, ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கும்போது கண்ணு ஃப்ரீயா இருக்காது, காது மட்டும்தான் ஃப்ரீ. அந்த நேரத்த வீடியோவால எடுத்துக்க முடியாது. இன்னொண்ணு, ஒரு மணி நேரப் பேச்ச மோனோவுல (ஒரே ஒலித் தடத்துல), செகண்டுக்கு 64 கிலோபிட் அளவுல போட்டா 29 எம்பிக்குள்ள அடங்கிடும், டேட்டாவ எண்ணி எண்ணி செலவு பண்றவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல.

என் பயம் வேற. பாட்காஸ்ட்ட பாட்காஸ்ட்டா வெச்சிருக்கறது ஆர்எஸ்எஸ் ஃபீட்தான், அதாவது என்னென்ன எபிசோட் இருக்குன்னு ஆப்புங்க படிச்சுத் தெரிஞ்சுக்கற ஒரு பட்டியல். என்னோட ஃபீட தொறந்து பாத்தீங்கன்னா வெறும் டெக்ஸ்ட்தான் இருக்கும், எபிசோட் தலைப்பு, தேதி, ரெண்டு வரி விவரம், அப்புறம் 'என்க்ளோஷர்'னு ஒரு வரி, அதுல எம்பி3 எங்க இருக்குன்னு ஒரு லிங்க், ஃபைல் எத்தன பைட்டுன்னு ஒரு நம்பர், அவ்ளோதான். 2000 கடைசியில டேவ் வைனர்ங்கற சாஃப்ட்வேர்காரர் அந்த ஒரு வரிய ஆர்எஸ்எஸ்ல சேத்தாரு. இவ்ளோ பெரிய உலகம் அந்த வரி மேலதான் நின்னுட்டிருக்கு. எந்த ஆப் வேணும்னாலும் அதப் படிக்கலாம், யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம், யாராலயும் மொத்தமா மூடவும் முடியாது.

இத நான் பட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் யூஸ் பண்ணிட்டிருந்த ஹோஸ்டிங் சர்வீஸ் (எபிசோட் ஃபைலயும் ஃபீடயும் நெட்ல வெச்சுக் குடுக்கறவங்க), முப்பது நாள்ல கடைய மூடப்போறோம்னு ஒரு மெயில் போட்டுட்டாங்க. நூறு எபிசோடுக்கு மேல அங்க கெடந்துச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அப்புறம் ஃபைல் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா டவுன்லோட் பண்ணி, புது எடத்துல ஏத்தி, பழைய ஃபீட்ல 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வர்றவங்கள தானா புது முகவரிக்கு அனுப்பறது) போடச் சொல்லி மூணு தடவ மெயில் பண்ணி வாங்கினேன். அடுத்த வாரம் எபிசோட் போட்டப்ப கேக்கறவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு, பாதி பேருக்கு எடம் மாறினதே தெரியாது. இதே ஒரே ஒரு ஆப்புக்குள்ள மட்டும் இருந்திருந்தா, கேக்கறவங்கள எல்லாம் முதல்ல இருந்து தேடிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

பெரிய கம்பெனிங்க பண்ணினதப் பாத்தாலும் அதேதான் தெரியுது. ஸ்பாட்டிஃபை 2019ல கிம்லெட்ங்கற பாட்காஸ்ட் கம்பெனிய வாங்கினாங்க, 2020ல ஜோ ரோகன்ங்கற பிரபல அமெரிக்க பாட்காஸ்டரோட நிகழ்ச்சிய தங்ககிட்ட மட்டும் வர்ற மாதிரி ஒப்பந்தம் போட்டாங்க, 2024ல புது ஒப்பந்தம் போடும்போது அந்த 'எங்ககிட்ட மட்டும்'ங்கறத விட்டுட்டாங்க. கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப்ப 2024ல மூடியே விட்டாங்க, ஆனா அதுல கேட்டுட்டிருந்தவங்க ஃபீட எடுத்துட்டு வேற ஆப்புக்குப் போக முடிஞ்சுது.

உலகம் முழுக்க வளர்ச்சின்னு பாத்தா, அடுத்த பெரிய அலை இங்கிலீஷ்ல இருந்து வராதுன்னு நினைக்கறேன். தென் கொரியாவுல 2011லயே 'நானுன் கொம்சுடா'ன்னு ஒரு அரசியல் பாட்காஸ்ட், டிவியில பேச முடியாதத எல்லாம் நக்கலா பேசி நாட்டையே கேக்க வெச்சுது. ஸ்பானிஷ்ல 'ரேடியோ ஆம்புலான்டே' லத்தீன் அமெரிக்கா முழுக்க இருந்து கதைகள எடுத்துச் சொல்லிட்டு வருது, ஒவ்வொரு நாட்டு ஸ்பானிஷோட உச்சரிப்பயும் மாத்தாம அப்படியே விடுவாங்க, அது எனக்கு ரொம்பப் புடிக்கும். சீனாவுல ஷிமாலாயான்னு ஒரு ஆப், அங்க காசு குடுத்து பாடம் மாதிரி கேக்கறது சகஜம். ஒவ்வொரு மொழியும் தனக்குன்னு ஒரு பாணிய கண்டுபிடிக்குது. புத்தகமா அச்சாகாத பேச்சு வழக்கு எல்லாத்துக்கும் இங்க எடம் இருக்கு.

காசு விஷயத்துல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல விளம்பர வருமானம் 2021ல 100 கோடி டாலரத் தாண்டிச்சு, ஆனா அது பெரும்பாலும் மேல இருக்கற கொஞ்ச பேருக்குத்தான். சின்னவங்களுக்கு கேக்கறவங்களே குடுக்கற மாசச் சந்தாதான் நிலையா வரும்.

ஏஐ பத்தியும் கேப்பீங்க. 2024 செப்டம்பர்ல கூகுளோட நோட்புக்எல்எம், ஒரு டாக்குமென்ட்ட குடுத்தா ரெண்டு பேர் உக்காந்து பேசற மாதிரி ஆடியோ பண்ணிக் குடுத்துச்சு. வெறும் தகவல் மட்டும் சொல்ற நிகழ்ச்சிகளுக்கு அது கண்டிப்பா அடிதான். ஆனா நிஜ மனுஷங்க பேசறது வேற. எடிட் பண்ணும்போது நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், பேட்டி குடுக்கறவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி விடற மூச்ச வெட்ட மாட்டேன். ஒரு தடவ ஒரு அம்மா தன் மகனப் பத்தி கேட்டதும் ஒம்பது செகண்ட் ஒண்ணுமே பேசல, அந்த ஒம்பது செகண்டயும் அப்படியே விட்டேன். அந்த எபிசோடுக்கு வந்த அளவுக்கு மெயில் வேற எதுக்கும் வந்ததில்ல.

லேட்டான்னு கேட்டா, இல்ல. ஆரம்பிக்கறவங்கள்ல நிறைய பேர் சில எபிசோட்லயே நிறுத்திடறாங்க, அதனால வெளியிடறதுக்கு முன்னாடி அஞ்சு ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, அஞ்சாவதும் பேச ஆசையா இருந்தா தைரியமா ஆரம்பிங்க. மைக்குக்கு நிறைய செலவு பண்ணாதீங்க, துணி நெறஞ்ச அலமாரியத் தொறந்து வெச்சு அது முன்னாடி உக்காந்து பேசினாலே எக்கோ பாதி போயிடும். ஹோஸ்டிங் எடுக்கும்போது மட்டும், நாளைக்கு நான் வெளிய போனா ஃபீட ரீடைரக்ட் பண்ணிக் குடுப்பீங்களான்னு முதல்லயே கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்கோங்க.