கைக்குழந்தை வந்த வீட்டில் பயமும் வந்தால்: வாசகர் கேள்விகள், மனநல மருத்துவர் பதில்கள்

பிள்ளை பிறந்து 2 மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அவனைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாலே, ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று தோன்றுகிறது. காய்கறி நறுக்கும்போது கத்தியைப் பார்த்தாலும் அப்படித்தான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனா?

இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு தவிக்கும் அம்மாக்கள் ஏராளம். கனடாவில் புதுத் தாய்மார்களிடம் விசாரித்து 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குழந்தைக்கு ஏதோ விபத்து நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் ஏறத்தாழ எல்லாருக்குமே வந்திருந்தது. ‘நானே ஏதாவது செய்துவிடுவேனோ’ என்ற எண்ணமும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது.

கைக்குழந்தையோடு இருக்கும்போது மூளை ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். பால்கனியைப் பார்த்ததும் நடக்கக்கூடியதிலேயே மோசமானதைப் படமாகக் காட்டிவிடும். அதைப் பார்த்து நீங்கள் பதறுகிறீர்கள், பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளே வருகிறீர்கள். செய்ய ஆசைப்படுகிறவர் அப்படிப் பதறமாட்டார். அந்த எண்ணத்தை அடக்கப் பார்த்தால் இன்னும் அடிக்கடி வரும். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். கணவரிடமோ அம்மாவிடமோ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பாதி பாரம் குறையும். பயத்தினால் பிள்ளையைத் தூக்கவே தயங்கும் நிலை வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மருந்தும் உண்டு, மனம்விட்டுப் பேசிச் சரிசெய்யும் மனநல சிகிச்சையும் உண்டு.

முற்றிலும் வேறான ஒரு நிலையும் இருக்கிறது. இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்டு, ‘இது என் பிள்ளையே இல்லை’, ‘இதற்குள் ஏதோ புகுந்துவிட்டது’ என்று ஒரு தாய் உறுதியாக நம்பத் தொடங்கினால் அது அவசரம். பிரசவித்த 1,000 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பேய் ஓட்டுகிறேன், மந்திரிக்கிறேன் என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். குழந்தையை அவரோடு தனியாக விடக் கூடாது.

மகள் பிறந்ததிலிருந்து என் கணவர் தெருவில் புதிதாக யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறார். பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வாட்ஸப் செய்திகளை எல்லாருக்கும் அனுப்புகிறார். ‘முன்னே மாதிரி இல்லை, உலகம் கெட்டுப்போச்சு’ என்கிறார்.

அப்பா ஆனவர் பலரும் சொல்வதுதான் இது. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதையே பேசுகிறது: பெற்றோர் ஆனவர்கள் தங்களுக்குள் வந்த மாற்றத்தை ஊர் உலகத்தின் மாற்றமாக எடுத்துக்கொண்டு, குற்றம் பெருகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். 1990-களில் அந்த நாட்டில் குற்றங்கள் குறைந்துகொண்டிருந்தன என்பது வேறு விஷயம். 2014-ல் வந்த இன்னோர் ஆய்வில், மிரட்டலான ஓர் ஆளைக் கற்பனை செய்யச் சொன்னபோது, பிள்ளை இல்லாதவர்களைவிடப் பெற்றோரின் மனதில் அந்த ஆள் உயரமும் பருமனும் கூடித் தெரிந்தான்.

இந்தப் பயம் வீட்டோடு நிற்கும்வரை சரி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்துக் கூட்டம் அவரை அடித்தே கொன்றது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதி என்று இல்லாத செய்தியை அனுப்ப வேண்டாம்.

நாங்கள் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். ‘பெற்றவளுக்குத்தான் அந்தப் பதைப்பு இருக்கும்’ என்று உறவினர் ஒருவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது.

அவர் சொன்னது தவறு. இஸ்ரேலில் முதன்முறை பெற்றோரான 89 பேரின் மூளையை ஆராய்ந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாய் இல்லாமல் இரு ஆண்கள் சேர்ந்து குழந்தை வளர்த்த வீடுகளும் அதில் இருந்தன. முழுப் பொறுப்பெடுத்து வளர்த்த அந்த அப்பாக்களின் மூளையில், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி தாய்மார்களுடையதைப் போலவே விழித்திருந்தது. பிரசவமும் தாய்ப்பாலும் தாயின் உடம்பில் செய்கிற மாற்றங்கள் தனி. ஆனால் ராத்திரி எழுந்து பால் கலக்கி, தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கிற கைக்கும் அந்தப் பதைப்பு வந்துவிடும். உறவினரை விடுங்கள்.

‘நாங்க எல்லாம் வளர்க்கலையா, எதற்கெடுத்தாலும் பயப்படுறே’ என்கிறார் மாமியார். எதற்குத்தான் பயப்படுவது?

திருடனுக்கும் திருஷ்டிக்கும் பயப்படுகிற வீட்டில்தான் பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும். எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் திரும்ப எழ முடியாது, சத்தமும் வராது. கொஞ்சத் தண்ணீரே போதும். பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், பாத்ரூம் கதவைத் தாழிடுங்கள்.

வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் காசு போன்ற பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும், உடனே ஓட வேண்டும். ஒரு வயதுவரை தேன் நாக்கில் தடவக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகத்தருகே தலையணை வேண்டாம். பைக்கில் போனால் 9 மாதம் முதல் 4 வயதுவரை ஹெல்மெட், வண்டியோட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கிலோமீட்டருக்குள் வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது. மாமியாரிடம் வாதாட வேண்டாம், பக்கெட்டைக் கவிழ்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

ராத்திரியில் பலமுறை எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். நடுவில் மூச்சு நிற்பது போல இருக்கிறது.

முதல் சில மாதங்களில் குழந்தைகள் வேகவேகமாக மூச்சுவிட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். அது இயல்பு. 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு துவண்டாலோ 108-ஐ அழையுங்கள்.

ஒன்றிரண்டு முறை எழுந்து பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குழந்தை நன்றாகத் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் 2 வாரத்துக்கு மேல் போனால் அதைக் கவனிக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதுவரை ராத்திரியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் வேறு அறையில் படுங்கள்.