அத்தோ கடையும் ஏடன் துறைமுகமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குவைத்துக்குப் போற நம்ம ஏரியா பசங்களப் பத்தி ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த லெட்டருங்கள வச்சா ஒரு பொட்டலக் கடையே போடலாம். அதனால இந்த தடவ ஃபுல்லா அரபு நாட்டுக் கேள்வி மட்டும். சினிமா கேள்வி அனுப்புனவங்க கோச்சிக்காதீங்க, அடுத்த வாரம்.

கே: மச்சான் குவைத்துல, தம்பி பஹ்ரைன்ல, பக்கத்து வீட்டுப் பையன் மஸ்கட்ல. பேசறது எல்லாம் அரபி, அப்பறம் ஏன் சார் ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு விசா?
ஒரு வாசகர், மண்ணடி

ப: பாய், வளைகுடா பக்கத்துக்கு இதுல நம்ம ஊர் ஆபீஸ்தான் பெரிய காரணம். சும்மா சொல்லல. அந்தக் கரையப் பாத்துக்கிட்ட வெள்ளக்கார அதிகாரி உக்காந்திருந்தது பாரசீகக் கரையில இருக்கற புஷெர்ல, ஆனா அவரு பதில் சொன்னது லண்டனுக்கு நேரா இல்ல, இந்தியாவுல இருந்த சர்க்காருக்கு. அவங்க என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு கரையிலயும் யாரு பெரிய குடும்பமோ அந்த ஷேக்கத் தனியா கூப்பிட்டு தனித்தனியா கையெழுத்து வாங்கினாங்க, 1820லயும் 1853லயும் கடல்ல சண்ட போட மாட்டேன்னு, 1892லயும், குவைத்தோட 1899லயும், வேற எந்த வெளிநாட்டோடயும் பேச மாட்டேன்னு எழுதிக் குடு, நாங்க உன்னப் பாத்துக்கறோம்னு. எந்தக் குடும்பம் கையெழுத்து போட்டுச்சோ அந்தக் குடும்பமே பின்னாடி நாடா ஆயிடுச்சு. பாலைவனத்துல ஒட்டகம் மேய்க்கறவனுக்கு எல்லைக் கோடுன்னா என்னன்னே தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சது கிணறும் தன்னோட கூட்டமும்தான். 1922ல உகைர்ங்கற எடத்துல பெர்சி காக்ஸ்னு ஒரு அதிகாரி, அவரும் இந்தியா சர்வீஸ்ல வளந்த ஆளுதான், ஒரு செவப்பு பென்சில எடுத்து மேப்புல கோடு கிழிச்சாரு, குவைத் ஷேக்கு தன்னுதுன்னு நெனச்ச நெலத்துல பெரும்பகுதி, பின்னாடி சவூதி அரேபியாவ உண்டாக்குன இபுனு சவூதுக்குப் போயிடுச்சு. ஷேக்கு அந்தக் கூட்டத்துலயே இல்ல.

காசு கூட நம்ம காசுதான். மண்ணடியில பழைய நாணயம் விக்கற ஒருத்தர்கிட்ட செவப்பு கலர்ல ஒரு பத்து ரூபா நோட்டு பாத்தேன், ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியாதான், சிங்கமும் இருக்கு, நம்பர் மட்டும் இசட்ல ஆரம்பிக்குது. தங்கக் கடத்தல் தாங்க முடியாம 1959ல வளைகுடாவுக்குன்னே தனியா அடிச்ச நோட்டு அது. 1966 வரைக்கும் துபாய்ல ஓடுச்சு. உங்க தாத்தா யாராச்சும் அங்க போயிருந்தா டிரங்குப் பொட்டிய ஒருவாட்டி கிளறிப் பாருங்க.

கே: சைக்ஸ், பிகோன்னு ரெண்டு பேரு போட்ட கோடுதான் இன்னிக்கி இருக்கற அரபு நாடுன்னு யூடியூப்ல சொல்றாங்களே, சரியா?
கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: பாதி சரிமா. துருக்கிக்காரன் கையில இருந்த அரபு நெலத்த பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு போட்டுக்க 1916ல அவங்க போட்ட மேப்புல மோசுல் பிரெஞ்சுக்காரன் பங்கு, இன்னிக்கி அது ஈராக்ல இருக்கு. பாலஸ்தீனம் பல நாடுங்க சேந்து பாத்துக்கும்னு எழுதினாங்க, கடைசியில பிரிட்டிஷ்காரன் தனியா முழுங்கிட்டான். நெஜமான பங்கு பிரிச்சது 1920 ஏப்ரல், இத்தாலியில சான் ரெமோங்கற ஊர்ல. அதுக்கு முந்தின மாசம்தான் டமாஸ்கஸ்ல சிரியாக்காரங்க பேரவை ஒண்ணு கூடி மெக்கா ஷரீஃபோட மகன் ஃபைசல ராஜான்னு அறிவிச்சிருந்துச்சு, ஜூலை 24ல பிரெஞ்சுப் படை மைசலூன்ல அடிச்சு நொறுக்குனதோட அந்த ராஜ்யம் காலி. அப்பறம் சிரியாவ கேக் மாதிரி வெட்டினாங்க, டமாஸ்கஸ் தனி, அலெப்போ தனி, அலவி, ட்ரூஸ்னு ரெண்டு சின்ன மதப் பிரிவு, அதுங்களுக்கும் தனித்தனி, லெபனான் தனி. தனித்தனியா விட்டா ஒருத்தனோட ஒருத்தன் சேந்துக்க மாட்டான்னு கணக்கு. ஆனா 1925ல பெரிய கலகத்த ஆரம்பிச்சதே அந்தத் தனி ட்ரூஸ் மலையில இருந்த சுல்தான் அல் அத்ரஷ்தான், டமாஸ்கஸ்காரங்களும் சேந்துக்கிட்டாங்க, பிரெஞ்சுக்காரன் டமாஸ்கஸ் மேலயே குண்டு போட்டான்.

கே: அரேபிய லாரன்ஸ் ஹீரோவா வில்லனா?
ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

ப: ரெண்டும் இல்ல, நல்லா எழுதத் தெரிஞ்ச பிரிட்டிஷ் அதிகாரி. 1921 கெய்ரோ மாநாட்டுல டமாஸ்கஸ்ல எடத்த விட்ட ஃபைசலுக்கு ஈராக்க ஃபிக்ஸ் பண்ண கும்பல்ல அவரும் இருந்தாரு.

கே: எங்க பாட்டி ரங்கூன்ல பொறந்து 1964ல கப்பல்ல மெட்ராஸ் வந்தவங்க, நாங்க பர்மா நூடுல்ஸ், அதாவது அத்தோ கடை வச்சிருக்கோம். என் கேள்வி இதுதான் அண்ணே, வெள்ளக்காரன் போட்ட கோடுன்னா ஈராக்காரன்ங்கற அடையாளமே டூப்புதானா?
ஒரு வாசகர், வியாசர்பாடி

ப: தம்பி, இந்தக் கேள்விய நீ கேட்டதுதான் பொருத்தம். உங்க பர்மாவ இந்தியாவுல இருந்து பிரிச்சது 1937 ஏப்ரல் 1, அதே நாள்ல இன்னொரு ஊரையும் பிரிச்சாங்க தெரியுமா, இன்னிக்கி யேமன்ல இருக்கற ஏடன். 1839ல புடிச்சதுல இருந்து அரபு மண்ணுல இருக்கற அந்தத் துறைமுகம் நம்ம நாட்டுக் கணக்குலதான் இருந்துச்சு, ரொம்ப காலம் பம்பாய்காரங்க கையில.

ஈராக்குக்கு வரேன். மோசுல், பாக்தாத், பஸ்ரா, துருக்கிக்காரன் காலத்துல மூணு தனித்தனி மாகாணம். 1921 ஆகஸ்ட் 23ல ஃபைசலுக்கு முடி சூட்டுனப்ப வாசிக்க தேசிய கீதமே இல்லாம பேண்டுக்காரங்க இங்கிலாந்து ராஜா பாட்டையே வாசிச்சாங்க, 1932 வரைக்கும் கடைத்தெருவுல ஓடுனது இந்தியா ரூபா. இதெல்லாம் பாத்தா டூப்புன்னுதான் தோணும். ஆனா ஃபைசல் வர்றதுக்கு முன்னாடியே, 1920 மே மாசம், பாக்தாத் பள்ளிவாசல்ல சன்னியும் ஷியாவும் ஒண்ணா கூடுனாங்க, ஒரு பக்கம் நபியப் புகழ்ந்து ஓதுற மவ்லித், ஒரு பக்கம் ஷியாக்காரங்க கர்பலாவ நெனச்சு அழற அழுகை, ரெண்டுக்கும் நடுவுல பிரிட்டிஷ்காரன் வெளிய போன்னு கவிதை. அந்த வருஷம் வெடிச்ச கலகத்த அடக்குன பட்டாளத்துல பெரும்பாலும் இந்தியாவுல இருந்து போன சிப்பாயிங்கதான், நமக்கும் அந்தக் கணக்குல ஒரு பங்கு உண்டு. கோடு அவன் போட்டது, அந்தக் கோட்டுக்குள்ள சேந்து அடி வாங்குனது இவங்களோடது, அத எப்படி டூப்புன்னு சொல்லுவ?

என்னைக் கேட்டா பயப்பட வேண்டியது மேப்பு இல்ல, ரிஜிஸ்டர். 1924ல ஈராக்ல ஒரு குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. துருக்கி காலத்துல உஸ்மானிய பிரஜைன்னு, அதாவது துருக்கி சுல்தானோட ஆளுன்னு பதிஞ்சவன் தானா ஈராக்காரன், பாரசீகப் பிரஜைன்னு பதிஞ்சிருந்தா அவனுக்கு வேற கணக்கு. பாரசீகம்னு ஏன் பதிஞ்சான்? பல பேரு துருக்கிப் பட்டாளத்துக்குப் புள்ளைய அனுப்பாம தப்பிக்கப் பதிஞ்சதுதான், மத்தபடி அதே தெரு, அதே பேச்சு. அந்த ஒரு வார்த்த அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு, மகன்கிட்ட இருந்து பேரனுக்குன்னு பேப்பர்லயே வளந்துச்சு. 1980ல சதாம் ஆளுங்க அதே பதிவ எடுத்து வச்சுக்கிட்டு, ஷியா குர்துங்களான ஃபைலிங்கள, ஷியா வியாபாரிங்கள, நீ ஈரான்காரன்னு சொல்லி எல்லையில கொண்டு போய் தள்ளிட்டாங்க. வெள்ளக்காரன் போயி எத்தினி வருஷம் ஆச்சு, அந்த ரிஜிஸ்டர் கட்டு மட்டும் பீரோவுல பத்திரமா இருந்திருக்கு.

உங்க பாட்டி கிட்ட கேட்டுப் பாரு, ரங்கூன்ல அவங்கள யாருன்னு எந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்தாங்கன்னு. அந்தப் பேப்பர் இன்னும் வீட்டுல இருந்தா லேமினேட் பண்ணிடாத, பழைய காகிதம் சூட்டுல பாழாயிடும். ஞாயித்துக்கிழம சாயந்திரம் கடைப்பக்கம் வரேன், ஒரு பிளேட் அத்தோ, வெங்காயம் ஜாஸ்தி, பேப்பரையும் காட்டு.