பழைய பைத்தானா, புதிய பைத்தானா?

கேள்வி: கிரீன் கார்டு பெற்று டெக்சாஸில் வசிக்கிறேன். வார இறுதிகளில் சுடும் கூடத்தில் பயிற்சி செய்கிறேன். 1970-களில் செய்த கோல்ட் பைத்தான் ரிவால்வர் ஒன்று 3,500 டாலருக்கு வந்திருக்கிறது. “இதைப் போல இனி யாராலும் செய்ய முடியாது” என்கிறார் விற்பவர். புதிய பைத்தான் அதில் பாதி விலைதான். எதை வாங்கலாம்?

பதில்: வாரந்தோறும் சுடப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் புதியதை வாங்குங்கள்.

விற்பவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1955-ல் வந்த பைத்தானின் உட்பாகங்களைத் தொழிலாளர்கள் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். விசையை அழுத்திப் பிடித்தால், தோட்டா அறைகள் கொண்ட சுழலும் உருளையான சிலிண்டர் துளியும் அசையாது. அந்த இறுக்கமும் ஆழ்ந்த நீல மெருகும்தான் அதன் பெருமை. ஆனால் இறுக்கத்தைத் தரும் அதே அமைப்புதான் தேயவும் செய்கிறது. சுடச்சுட, சிலிண்டரைத் திருப்பும் சிறு நெம்பு தேய்ந்து, தோட்டா அறை குழலுக்கு நேராக வந்து நிற்பது பிசகும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்று குறைவு. வழக்கமான உற்பத்தி 1990-களின் இறுதியில் நின்றுபோனதால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். நீங்கள் கொடுக்கப் போவது அவர்கள் நிர்ணயித்த விலை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த மதிப்பை நீங்களே குறைப்பீர்கள்.

2020-ல் துருப்பிடிக்காத எஃகில் 1,499 டாலருக்கு மீண்டும் வந்த பைத்தான், உள்ளே வேறு வடிவமைப்பு. பாகங்கள் குறைவு, கையால் இழைக்கும் வேலையும் குறைவு. முதலில் வந்தவற்றில் சில, சிலிண்டர் சரியாகத் திரும்பவில்லை என்ற புகாருக்கு ஆளாயின. நிறுவனம் திருத்தம் செய்தது. எனவே 2020-ல் செய்ததைப் பழையதாக வாங்கினால், தொழிற்சாலைக்குப் போய் வந்ததா என்று கேளுங்கள்.

வேறு நிறுவனமான ஸ்மித் அண்ட் வெசனின் 686 ரிவால்வரையும் கையில் எடுத்துப் பாருங்கள். 2001-க்குப் பிறகு வந்த அவர்களுடைய பெரும்பாலான ரிவால்வர்களின் பக்கவாட்டில் சாவிப் பூட்டுக்கான துளை இருக்கும். அது இல்லாத பழையவற்றுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். சுடுவதற்கு வாங்குபவர் அந்தத் துளை இல்லை என்பதற்காகப் பல நூறு டாலர் அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ரூகர் ஜிபி100 மெருகில் சற்றுப் பின்தங்கினாலும் உழைப்பில் குறை சொல்ல முடியாது. பிரான்சின் மனுரின் எம்ஆர்73, ஜெர்மனியின் கோர்த் இரண்டும் அருமையானவை. விலைதான் எட்டாத உயரம்.

பழைய பைத்தான்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், தோட்டா இல்லை என்பதை முதலில் நீங்களே உறுதி செய்யுங்கள். சிலிண்டரை ஒரு விரலால் லேசாகத் தடுத்தபடி, சுத்தியலை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பின்பக்கப் பாகம்) மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் நின்றும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆறு அறைகளையும் இப்படியே பாருங்கள். குழலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் மறுமெருகு போட்டிருக்கலாம்; சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு, கட்டணம் பெற்றுக்கொண்டு, துப்பாக்கி எந்த மெருகோடு எப்போது வெளியேறியது என்று கடிதம் தரும். 3,500 டாலர் கேட்பவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் என் நண்பர், அவருக்கும் ஒன்றை என் பெயரில் வாங்கித் தரச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை தனக்குப் பொருந்துமா என்பதை நண்பர் வழக்கறிஞரிடம் கேட்கட்டும். கடையில் நீங்கள் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கும். அவருக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதினால் அது குற்றம்; உங்கள் கிரீன் கார்டுக்கே ஆபத்து.