புள்ளி போடாதவர் களத்தில் என்ன செய்கிறார்?
கூடைப்பந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் சிறு கல்லூரி அணிகளைச் சுற்றி இருக்கும் பெற்றோர், மாணவர்கள், அணி நிர்வாகத்தில் உதவுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த மாதம் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஸ்கோர் ஷீட்டில் பெயர் எடுக்காத ஆட்டக்காரரின் உழைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பாராட்டுவது? ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மகன் ஒஹாயோவில் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு) கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஆட்டத்துக்கு 22 நிமிடம் களத்தில் இருக்கிறான், ஆனால் சராசரி 3 புள்ளிதான். மதுரையில் இருக்கும் அவன் தாத்தா ஒவ்வொரு முறையும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "இவன் ஆடுறானா, சும்மா நிக்கிறானா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: அந்த 22 நிமிடத்தைச் சொல்லுங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடுவதால் பயிற்சியாளர் பங்குபோட வேண்டியது மொத்தம் 200 நிமிடம். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆகவே, பணம் கொடுத்து எடுத்த பையனை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி அங்கே இல்லை. மூன்று புள்ளி எடுப்பவனுக்குப் பாதிக்கு மேல் ஆட்டம் கிடைக்கிறது என்றால், அவன் வெளியே உட்கார்ந்தால் அணியில் ஏதோ குறைகிறது என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கிறது.

அது என்ன என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெரும்பாலான சிறு கல்லூரிகள் தங்கள் ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்புகின்றன. வீடியோவில் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் மகனை மட்டும் பாருங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், கண் தானாகப் பந்துக்கு ஓடும். எதிரணி ஷாட் எடுக்கும் நொடியில் வீடியோவை நிறுத்தி, மெதுவாக ஓட்டுங்கள். நல்ல ஆட்டக்காரர் அப்போது பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். தன் ஆளைத் தேடி, முன்கையை அவர் மார்பில் வைத்து, காலை ஊன்றித் திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி அவரை முதுகுக்குப் பின்னால் அடைத்துவிடுவார். இதுதான் பாக்ஸ் அவுட். ஓரிரு நொடி அந்த எடையைத் தாங்கினால் போதும். பந்து வளையத்தில் பட்டுக் கீழே வரும், பக்கத்தில் யாரும் தடுக்காமல் நிற்கும் கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) அதை எடுத்துக்கொள்வார். ஷீட்டில் ரீபவுண்ட் கார்டின் பெயரில் ஏறும். உங்கள் மகன் பெயரில் ஒன்றும் ஏறாது.

அடுத்து, நம் அணியின் ஷாட் தவறியதும் அவன் வைக்கும் முதல் மூன்று அடிகளைப் பாருங்கள். உடனே திரும்பிப் பின்னால் ஓடுகிறானா, உச்சுக்கொட்டிக்கொண்டு நிற்கிறானா? மூன்றாவது, ஸ்கிரீன்: தோழரைத் துரத்தும் எதிரணிக்காரரின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது. அவன் உறுதியாக நின்று தடுத்ததால் யாருக்கு ஷாட் கிடைத்தது என்று பாருங்கள். இந்த மூன்றும் வரும் இடங்களைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டித் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று குரல் பதிவில் சொல்லிவிடுங்கள். ஆட்டம் தெரிந்த மனிதர் என்றால் நான்கைந்து துண்டுகளிலேயே பிடித்துக்கொள்வார்.

கேள்வி: மினசோட்டாவில் ஒரு சிறு கல்லூரியின் மகளிர் அணியில் மாணவ மேனேஜராக இருக்கிறேன். ஸ்கோர் ஷீட்டில் வராத விஷயங்களை எண்ணச் சொல்லியிருக்கிறார் கோச். 15 பத்தி போட்டு முயன்றேன், பாதி ஆட்டத்திலேயே குழம்பிவிட்டது. எத்தனை பத்தி, எத்தனை பேர் தேவை?

பதில்: இரண்டு பேர், ஏழு பத்தி. அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஜெர்சி எண்ணோடு "24, கை பட்டது" என்று சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பார்ப்பவரே குனிந்து எழுதினால் அந்த இரண்டு நொடியில் அடுத்தது போய்விடும்.

ஏழையும் நேரலையில் எண்ண முயலாதீர்கள். நான்கை மட்டும் களத்தில் எண்ணலாம்: டிஃப்ளெக்‌ஷன், லூஸ் பால், சார்ஜ் (முன்பே இடம் பிடித்து நிற்பவர் மேல் பந்தோடு வரும் எதிரணிக்காரர் மோதி ஃபவுல் ஆவது), தன் ஆளைக் கடந்து போக விட்டது. மிச்சம் மூன்றை, அதாவது ஸ்கிரீன் அசிஸ்ட், பாக்ஸ் அவுட், அசிஸ்டுக்கு (கூடையில் விழுந்த ஷாட்டுக்கு வழிசெய்த பாஸுக்கு) முந்தைய பாஸ் ஆகியவற்றை மறுநாள் வீடியோவில்தான் சரியாகப் பிடிக்க முடியும். அப்போது நேரலையில் எடுத்த நான்கையும் சரிபாருங்கள். ஆட்டச் சூட்டில் எண்ணியது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் வரையறையை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, கோச்சிடம் காட்டி, உடைமாற்றும் அறையில் ஒட்டிவிடுங்கள். எதிரணியின் பாஸிலோ டிரிப்பிளிலோ தடுப்பவரின் கை பட்டுப் பந்தின் பாதை மாறினால்தான் டிஃப்ளெக்‌ஷன். விரல் உரசியது போலத் தெரிந்தால் எண்ணக் கூடாது. ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கையும் (ஷாட்டைக் கையால் தடுப்பது) இதில் சேர்ப்பதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் கருத்து, சேர்க்கலாம். ஆனால் சீசன் நடுவில் மாற்றினால் முந்தைய கணக்கு முழுவதும் பயனற்றதாகிவிடும். லூஸ் பால் என்பது இரண்டு அணிக்கும் சொந்தமில்லாமல் தரையில் கிடந்த பந்தை நம் ஆள் கைப்பற்றுவது. விழுந்து புரண்டும் பந்து கிடைக்கவில்லை என்றால் கைதட்டலாம், எண்ணக் கூடாது. ஸ்கிரீன் அசிஸ்டுக்கு, அந்த ஸ்கிரீனில் கிடைத்த இடைவெளியிலிருந்தே ஷாட் போய்க் கூடையில் விழுந்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு ஒரு தொடக்கம்: சார்ஜ் 3, ஸ்கிரீன் அசிஸ்ட் 2, மற்ற நல்லவை தலா 1, ஆளைக் கடந்து போக விட்டது மைனஸ் 2. கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒரு முறை கையில் வருவதன் மதிப்பு சுமார் ஒரு புள்ளி. சார்ஜ் வாங்கினால் பந்தும் நமக்கு வரும், எதிரணிக்காரர் மேல் ஒரு ஃபவுலும் ஏறும். ஐந்து ஃபவுலில் அவர் வெளியேற வேண்டும். டிஃப்ளெக்‌ஷனோ பல நேரம் பந்தை எல்லைக்கு வெளியேதான் தள்ளும். அது மீண்டும் எதிரணிக்கே போகும். அதனால்தான் 1. சார்ஜுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். தலை தரையில் மோத விழுகிற பழக்கத்துக்கு அது தூண்டுதலாகிவிடும். ஆண்கள் அணிக்கு இதே பட்டியலைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-24 சீசனிலிருந்து, ஷாட்டுக்கு எழும்புபவர் கடைசிக் காலை ஊன்றும் முன்பே தடுப்பவர் தன் இடத்தில் நின்றாக வேண்டும். தாமதமாக வந்து விழுந்தால் ஃபவுல் தடுப்பவர் மேல்தான்.

மைனஸ் பத்தி எதற்கு என்று கோச்சே கேட்கலாம். அது இல்லாவிட்டால் இந்தப் பட்டியல் அணியைக் கெடுத்துவிடும். டிஃப்ளெக்‌ஷனுக்கு மட்டும் மதிப்பெண் என்றால், ஆட்டக்காரர் தன் இடத்தை விட்டுப் பாஸை நோக்கிப் பாய்வார். கை எட்டவில்லை என்றால் அவருடைய ஆள் கூடையை நோக்கிப் போய்விடுவார். மூலையில் நின்ற தோழி உதவிக்கு உள்ளே வருவார். பந்து மூலைக்குப் போகும், மூன்று புள்ளி விழும். பார்ப்பவர்களுக்கு மூலைக்காரர்தான் தவறவிட்டது போலத் தெரியும். பாய்ந்தவர் பெயரில் மைனஸ் எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இலக்கு என்று ஒரு எண் கேட்பார்கள். கென்டக்கியிலும் லூயிவில்லிலும் பயிற்சியாளராக இருந்த ரிக் பிட்டினோ ஆட்டத்துக்கு 35 டிஃப்ளெக்‌ஷன் வேண்டும் என்பார். அது முழுக்களத்திலும் நெருக்கி ஆடும் அணிக்கான எண். 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று இடத்தைக் காக்கும் முறை) போட்டு நிற்கும் அணி அதைக் கடன் வாங்கக் கூடாது. உங்கள் அணியின் முதல் ஐந்து ஆட்டச் சராசரியை எடுத்து, அதைவிட இரண்டு மூன்று கூட்டி இலக்காக வையுங்கள்.

கடைசியாக, பட்டியல் 24 மணி நேரத்துக்குள் சுவரில் ஏற வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அத்துடன் மூன்று வீடியோத் துண்டுகளை அணி முழுவதற்கும் போட்டுக் காட்டுங்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித், கூடையில் போட்டவர் உடனே பாஸ் கொடுத்தவரை நோக்கி விரல் நீட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தார். செலவே இல்லாத பாராட்டு அது. அதையும் உங்கள் அணியில் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி பிளஸ்-மைனஸ் வெளியிடுகிறது. போன ஆட்டத்தில் எனக்கு மைனஸ் 6. நன்றாக டிஃபென்ஸ் ஆடியும் இப்படி வந்திருக்கிறது. கோச் இதை வைத்து என் நிமிடங்களைக் குறைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து யாரையும் எடைபோட முடியாது, நல்ல பயிற்சியாளர் போடவும் மாட்டார். கணக்கு எளியது: நீங்கள் களத்தில் இருந்தபோது அணியின் முன்னிலை எவ்வளவு மாறியது என்பதுதான். நீங்கள் இறங்கும்போது 31-30, வெளியே வரும்போது 40-36 என்றால் முன்னிலை 1-இலிருந்து 4 ஆகியிருக்கிறது. உங்களுக்கு பிளஸ் 3. ஆனால் ஆறு நிமிடத்தில் ஒவ்வொரு அணிக்கும் பந்து கிடைப்பது சுமார் பத்து முறைதான். எதிரணியில் யாரோ தலா மூன்று புள்ளி தரும் இரண்டு தூர ஷாட்டைப் போட்டுவிட்டால், அவர்களை நீங்கள் தடுக்க வேண்டியதே இல்லை என்றாலும் மைனஸ் 6 உங்கள் பெயரிலும் ஏறும்.

சீசன் முழுவதையும் கூட்டுங்கள். டிவிஷன் 3-இல் வழக்கமான சீசனுக்கு அதிகபட்சம் 25 ஆட்டம். முன்னிலை 20 புள்ளியைத் தாண்டிய நிமிடங்களைக் கழித்துவிடுங்கள். பிறகு, நீங்கள் களத்தில் இருந்தபோது 40 நிமிடத்துக்கு எதிரணி எத்தனை புள்ளி எடுத்தது, நீங்கள் பெஞ்சில் இருந்தபோது எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கோச்சிடம் பேசப் போகும்போது இந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தவர் சிறு கல்லூரிக்காரர்தானே? அப்படி ஒருவர் இருக்கும்போது மற்ற நால்வரின் பங்கைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பதில்: ஆம், அயோவாவின் கிரின்னல் கல்லூரியைச் சேர்ந்த ஜாக் டெய்லர். 2012 நவம்பர் 20 அன்று ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரிக்கு எதிராக எடுத்தார்; கிரின்னல் 179-104 என்று வென்றது. அவர் அன்று எடுத்த ஷாட்டுகள் 108, விழுந்தவை 52. ஒரு அசிஸ்ட் கூட இல்லை. அப்படியானால் தவறியவை 56. அவற்றில் பலவற்றைத் தோழர்கள் பாய்ந்து எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கிரின்னலின் ஆட்டமுறையே முழுக்களமும் நெருக்குவது, அரை நிமிடம், முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பேரையும் ஒட்டுமொத்தமாக மாற்றுவது. ஓடி ஓடிப் பந்தைப் பறித்தவர்கள் இல்லாமல் 108 ஷாட்டுக்கு வாய்ப்பே வந்திருக்காது. 138 பெரிய சாதனைதான். அன்று அவரோடு ஓடிய தோழர்களின் பெயரைச் செய்திகள் பெரிதாகச் சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

எண்ணப்படுவதுதான் மதிக்கப்படும். டிவிஷன் 1 ஆண்கள் ஆட்டத்தில் கூட, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அசிஸ்டை அதிகாரபூர்வமாகத் தொடர்ந்து தொகுக்கத் தொடங்கியது 1983-84-இல்தான். பிளாக்கும் ஸ்டீலும் 1985-86-இல்தான் வந்தன. அதற்கு முன்பும் பந்தைப் பறித்தவர்கள் இருந்தார்கள், கணக்கு இல்லை.

கேள்வி: சீசன் முடிவு விருந்துக்கு விருதுகளைத் தீர்மானிக்கும் குழுவில் இருக்கிறேன். அதிகப் புள்ளி, அதிக ரீபவுண்ட் போக மீதியுள்ளவர்களுக்கு "கடின உழைப்பாளி", "சிறந்த தோழர்" என்று கொடுத்துவருகிறோம். வாங்குபவர்கள் முகத்தில் சந்தோஷமே இல்லை. கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) விருதுகளுக்கும் எங்கள் டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

பதில்: அவை ஆறுதல் பரிசுகள் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும். "கடின உழைப்பாளி" என்றால் என்ன செய்தார் என்று அந்தப் பலகையைப் பார்க்கும் யாராலும் சொல்ல முடியாது. செய்த காரியத்தின் பெயரிலேயே விருதை வையுங்கள்: அதிகச் சார்ஜ் வாங்கியவர், ஸ்கிரீன் மூலம் அதிகக் கூடைகளுக்கு வழி செய்தவர், எதிரணியின் முதல்தர ஸ்கோரரைத் தடுத்தவர். எண்ணிக்கையையும் பலகையில் பொறியுங்கள். முக்கியமாக, அளவுகோலை அக்டோபரில் முதல் பயிற்சி நாளிலேயே அறிவியுங்கள். மார்ச்சில் யாருக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கும் விருதுக்கு மரியாதை இருக்காது. தகுதியானவர் இல்லாத ஆண்டில் கொடுக்காமல் விடுங்கள். எல்லாருக்கும் ஒன்று என்று பங்கிடும் பழக்கம்தான் விருதுகளின் மதிப்பை இறக்கியது.

களத்துக்கு வெளியே உள்ளதைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஆனால் தனியாக. வர்ஜீனியாவின் சேலம் ரோட்டரி கிளப் தொடங்கிய ஜாஸ்டன்ஸ் டிராஃபி டிவிஷன் 3 ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம், படிப்பு, சமூகப் பணி மூன்றையும் பார்த்துத் தரப்படுகிறது. மூன்றும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது.

கான்ஃபரன்ஸ் விருதுகளில் வாக்களிப்பவர்கள் மற்ற கல்லூரிப் பயிற்சியாளர்கள். உங்கள் ஆட்டக்காரரை அவர்கள் சீசனில் இரண்டு முறை நேரில் பார்த்திருப்பார்கள், மற்றபடி கையில் இருப்பது புள்ளிச் சராசரி மட்டும். எனவே பரிந்துரைக் கடிதத்தில் "அயராத உழைப்பு" போன்ற சொற்களை வெட்டுங்கள். ஒரு சிறு அட்டவணை போடுங்கள். அவர் தடுத்த ஆறு முன்னணி ஸ்கோரர்கள், ஒவ்வொருவரின் சீசன் சராசரி, உங்களோடு ஆடிய அன்று எடுத்த புள்ளி, அன்று எடுத்த ஷாட்டுகள். ஒருவர் அன்று நன்றாகப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வாக்களிக்கப் போகும் பயிற்சியாளரின் அணிக்காரரும் அந்த ஆறில் இருக்கலாம். அந்த எண்ணை அவர் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், சரியாக இருந்தால் மற்ற ஐந்தையும் நம்புவார். கடிதத்தைக் கல்லூரியின் விளையாட்டுத் தகவல் அலுவலர் வழியாக, வாக்கெடுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.