அலமாரியில் இடம் போதவில்லையா? தட்டு இடைவெளியை அளந்து பாருங்கள்

சின்ன வாடகை ஃபிளாட், சுவரோடு கட்டிய கடப்பா கல் அலமாரி, ஒன்றை எடுத்தால் எல்லாம் சரிகிறது, கதவும் மூடவில்லை, புது வார்ட்ரோப் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். முதலில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம் இருக்கும். மடித்த துணியை 9, 10 அங்குலத்துக்கு மேல் அடுக்கினால் நிற்காது. அடியில் இருக்கும் சட்டையை இழுத்ததும் மொத்தமும் சரியும், அவசரத்தில் அப்படியே திணிப்போம். அலங்கோலம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

துணியைப் பாதியாகக் குறைத்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கட்டுகிறோம் என்பதற்காகக் கல்யாணப் புடவையைத் தூக்கிப் போட முடியுமா? அந்தக் கணக்கு நம் வீடுகளுக்கு ஒத்து வராது.

கடப்பா கல்லை நகர்த்த முடியாது. ஆகவே தட்டுக்குள் தட்டு போடுங்கள், முக்காலிப் பலகை மாதிரி. 12 மிமீ பிளைவுட்டில் ஒரு மேல்பலகை, இரு பக்கமும் 8 அங்குல உயரக் கால், ஆடாமல் இருக்கப் பின்பக்கம் 2 அங்குலப் பட்டை ஒன்று. 17 அங்குல இடைவெளி, பலகைக் கனம் அரை அங்குலம் போக, கீழே எட்டு, மேலே எட்டரை என்று பிரிந்துவிடும். நீளம் இரண்டரை அடியைத் தாண்டினால் நடுவிலும் ஒரு கால் வையுங்கள், இல்லாவிட்டால் பலகை தொய்யும். முன்பக்கம் 3 அங்குலம் உள்ளடங்கி இருந்தால் கீழ் அடுக்கில் கை தாராளமாகப் போகும். பூச்சுச் சுவர் நேராக இருக்காது. முன்னாலும் பின்னாலும் அகலத்தை அளந்து, அதில் சின்ன அளவிலிருந்து கால் அங்குலம் கழித்து வெட்டச் சொல்லுங்கள். பலரும் கோட்டை விடுவது இன்னொன்று: கதவுச் சட்டம் அலமாரியின் வாயைக் குறுக்கிவிடும். உள் அகலத்துக்குச் செய்த பலகை சாய்த்தாலும் நுழையாது. அந்த மாதிரி இருந்தால் இரண்டு துண்டாகவே செய்துவிடுங்கள்.

ஹேங்கர் கம்பி போடும் ஆசை இருந்தால் ஆழத்தைப் பாருங்கள். ஹேங்கரே 17 அங்குலம், சட்டையோடு 20க்கு மேல். உள் ஆழம் 22க்குக் குறைவென்றால் கதவு இடிக்கும்.

கதவு மூடாததற்குக் காரணம் பெரும்பாலும் கீல்தான். குழிக் கீலில், அதாவது கதவின் உட்பக்கம் வட்டக் குழியில் பதிந்திருக்கும் கீலில், கதவைச் சரிசெய்ய இரண்டு திருகு இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது கதவை இடவலமாக நகர்த்தும், உள்ளே தள்ளி இருப்பது முன்பின்னாக. கீலை மரத்தோடு பிடித்திருக்கும் திருகு பிடிக்காமல் சும்மா சுற்றினால் ஓட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூங்கில் குச்சிகளில் ஃபெவிகால் தடவி ஓட்டையில் இறுக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, வெளியே நீட்டுவதைச் செதுக்கிவிட்டு அதே திருகைப் போடுங்கள். இதற்குப் போய் மொத்த அலமாரியையும் மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வாடகை வீட்டில் இதற்கும் உரிமையாளரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. ஒரு ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல வேளை, மேலே சொன்ன பலகைக்குச் சுவரில் ஒரு ஓட்டை கூட வேண்டாம், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

அடுக்குவதற்கு முன் பின்சுவரைச் சோதியுங்கள், முக்கியமாக அந்தப் பக்கம் குளியலறை இருந்தால். ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்திருந்தால் சுவரில் கசிவு இருக்கிறது. அங்கே பட்டு வைக்கவே கூடாது, ஜரிகை கறுக்கும். மற்ற இடத்திலும் பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே இற்றுப்போகும். அந்துருண்டை போடுவதானால் ஜரிகையில் படாமல் துணி முடிச்சில் கட்டி மூலையில் வையுங்கள். பழைய நாப்தலின் உருண்டையோடு வேறு வகை வில்லையைக் கலந்தால் இரண்டும் உருகித் துணியில் கறை ஏறும்.